படகு பேட்டரிக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் ஆயுள் குறையுமா?

கோல சிலாங்கூருக்குப் போய் மின்மினி பார்க்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒரே தாளத்தில் மினுக்கும் அந்தப் பூச்சிகளுக்கு வெளிச்சமும் இரைச்சலும் ஆகாது. அதனால்தான் கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகு பழைய வழக்கம். புக்கிட் பெலிம்பிங் பக்கம் பேட்டரியில் ஓடும் படகுகள்.

இப்படிப்பட்ட படகோ, தோட்டத்துக் குளத்தில் மீன்பிடிக்கப் போகும் சின்ன சம்பானோ, பேட்டரி வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பெரிய சார்ஜரை மாட்டி ரெண்டு மணி நேரத்தில் ஏற்றிவிட்டால் என்ன?

ஈய-அமில பேட்டரிக்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. மோட்டார் ஓட ஓட, தகடுகளில் ஈய சல்பேட் படியும். சார்ஜ் ஏற்றும்போது அது மறுபடி கரைகிறது. காலி பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு உடனே இடம் கிடைக்கும், கடைசியில் வருபவர்தான் தேடவேண்டும். பேட்டரியும் அப்படித்தான்: முதல் 80 விழுக்காடு சுலபமாக ஏறும், மீதி 20 விழுக்காட்டுக்குப் பல மணி நேரம் பிடிக்கும்.

கெடுதல் எங்கே?

ஆக, பேட்டரி இறங்கிக் கிடக்கும்போது கொஞ்சம் வேகமாக ஏற்றுவது பெரிய பாவமில்லை. நிறையப் போகும் நேரத்தில் அதே வேகத்தில் அழுத்துவதுதான் கொல்கிறது. 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 14.4 வோல்ட்டைத் தாண்டினால், வரும் மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். தண்ணீர் குறையும், சூடு ஏறும், தகட்டிலுள்ள மருந்து உதிர்ந்து அடியில் சேரும். உதிர்ந்தது திரும்ப ஒட்டாது.

நம்ம ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 பாகை செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் வைத்து வேகச் சார்ஜ் போடுவது, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான்.

பொதுவாக, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையான மின்னோட்டம் போதும். 100 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 10 முதல் 20 ஆம்பியர். பாதி இறங்கிய பேட்டரி முழுசாக நிறைய எட்டு, பத்து மணி நேரம் ஆகலாம். மின்மினிப் படகுக்கு இது பிரச்சினையே இல்லை. ஓட்டம் இரவில்தான், முடிந்த கையோடு சார்ஜில் போட்டால், மறுநாள் பொழுது சாய்வதற்குள் தாராளமாக நிறைந்துவிடும்.

மெதுவாக ஏற்றினால் போதுமா?

போதாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முழுசாக நிறையும் முன்பே தினமும் கழற்றினால், கரையாமல் மிஞ்சும் சல்பேட் கெட்டியாகிவிடும். அப்புறம் எந்தச் சார்ஜரும் அதை எளிதில் கரைக்காது. இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் மூலையில் போட்டாலும் இதே கதிதான். பெரிய சார்ஜரை நம்பி ரெண்டே மணி நேரத்தில் பிடுங்குகிறவருக்கு இரட்டை நஷ்டம்: சூடும் உண்டு, சல்பேட்டும் உண்டு.

நிறைய நிறைய மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் அடிக்கடி பேட்டரி மாற்றுவதைவிட மலிவு. ஜெல் பேட்டரி என்றால் அதற்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வோல்ட் கூடினால் அது இன்னும் சீக்கிரம் கெடும். லாரி பேட்டரியைப் படகு மோட்டாருக்கு மாட்டுவதும் வேண்டாம். அதன் தகடுகள் மெல்லியவை, எஞ்சினைக் கிளப்ப மட்டுமே செய்தவை.

மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால், சார்ஜ் முடிந்தபின் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். பைப் தண்ணீர் கூடாது, அமிலமும் கூடாது. சார்ஜ் ஏறும் இடத்தில் காற்றோட்டம் இருக்கட்டும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். பக்கத்தில் சிகரெட் வேண்டவே வேண்டாம். சார்ஜர் சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பைக் கழற்றுங்கள்.