சாட்டாவா, என்விஎம்இயா? வாங்கும் முன் பாருங்கள்

“அண்ணே, வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு. புதுசு வாங்கிடலாமா?” பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுது பார்க்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. ஏழெட்டு வருடக் கணினி என்றால், முதலில் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், அதற்குப் பதில் எஸ்எஸ்டி போட்டாலே பெரும்பாலும் போதும்.

ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சிறு சிறு கோப்புகளைத் தேடும்போது இன்னும் திணறும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 550 மெகாபைட் தரும். என்விஎம்இ 3,500 மெகாபைட்டைத் தொடும். புதியவை 7,000ஐயும் தாண்டும்.

அப்படியானால் என்விஎம்இதானா? அவசரப்படாதீர்கள். பிள்ளைகளின் பள்ளி வேலை, இணையம், அலுவலகக் கணக்கு ஆகியவற்றுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு அதிகம் தெரியாது. திருமண வீடியோ தொகுப்பவர்களுக்கும் பெரிய கோப்புகளை அடிக்கடி நகலெடுப்பவர்களுக்கும்தான் அந்த வேகம் பயன்படும்.

லோ யாட் பிளாசாவுக்குப் போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. ஒரே வடிவத்தில் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சில மதர்போர்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். எம்.2 இடமே இல்லாத பழைய கணினிக்கு 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டிதான் தொல்லையில்லாதது.

உலகமே இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. நம் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கிய ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையை மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் 2018இல் அறிவித்தது. எஸ்எஸ்டிக்குக் கூடிவரும் தேவையைக் காரணமாகச் சொன்னது.

ஆனாலும் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால், யுஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் பல சமயம் சத்தம் போட்டு எச்சரிக்கும். எஸ்எஸ்டி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம். தாத்தாவின் படம் ஒரே இடத்தில் இருந்தால் அன்றோடு போச்சு. எந்த வகை வாங்கினாலும், முக்கியமானவற்றை இரண்டு இடங்களில் வையுங்கள்.