விரிசலே, கிட்ட வராதே!

வேதியியல் துறைக்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டினால் ஒரு சின்ன அறை. உடைந்த குடுவையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆராய்ச்சி மாணவர்கள் ஓடிவரும் இடம். கண்ணாடி ஊதும் பட்டறை! உள்ளே விடுகிறோம் என்று சொன்ன அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"முதல்ல இதைப் போட்டுக்க தம்பி" என்று கண்ணாடி ஊதும் அண்ணன் ஒரு டிடிமியம் மூக்குக்கண்ணாடியை நீட்டினார். சூடேறிய குழாயிலிருந்து சோடியத்தின் மஞ்சள் ஒளி கண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. அதைப் போட்டதுதான் தாமதம், மஞ்சள் மொத்தமும் மாயம்! குழாய் நுனி தேன்போல் இளகித் துவள்வது அப்பட்டமாகத் தெரிந்தது.

அன்றைய வேலை, ஆவியைக் குளிரவைத்துத் திரவமாக்கும் லீபிக் கண்டென்சர். குழாய்க்குள் குழாயைச் செருகி, முனையில் வளையமாக ஒட்ட வேண்டும். அண்ணன் எடுத்த எடுப்பில் ஆக்சிஜனைத் திறக்கவில்லை. புசுபுசுவென்ற மஞ்சள் தீயில் குழாயை உருட்டி உருட்டிச் சூடு காட்டினார். "சில்லுனு இருக்கிறதைத் தீயில நீட்டினா பட்டுனு போயிடும்."

போரோசில் என்று நாம் சொல்லும் இந்தப் போரோசிலிக்கேட் கண்ணாடி, ஒரு டிகிரி சூட்டுக்குப் பத்து லட்சத்தில் சுமார் 3.3 பங்குதான் விரியும். ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய 9 பங்கு. அவ்வளவு சாதுவான சாதியும் ஏன் விரிசல் விடுகிறது? ஆறும்போது மேல்புறம் முந்திக்கொண்டு இறுகிவிடும். உள்புறம் பின்னால் வந்து சுருங்கப் பார்க்கும். இந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். வளைய ஒட்டில் இது இன்னும் மோசம், உட்குழாயின் சூடு வேறு, வெளிக்குழாயின் சூடு வேறு. "சாயங்காலம் நல்லா இருக்கும். காலைல வந்து பார்த்தா கீறல் ஓடியிருக்கும்" என்றார் அண்ணன்.

நடுவில் ஒரு வித்தை! மாணவர் ஒருவர் கொண்டுவந்த, இன்னதென்று தெரியாத கண்ணாடிக் குச்சியைப் போரோ குச்சியோடு பக்கம்பக்கமாக உருக்கி, மெல்லிய நூலாக இழுத்தார். ஆற ஆற அந்த நூல் வில்லாக வளைந்தது! வளைந்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்கவில்லை என்று பொருள். ஒட்டினால் வெடிக்கும். குச்சி திரும்பிப் போனது.

ஒட்டு முடிந்தது. உடனே ஆக்சிஜனை மூடி, புகையும் மஞ்சள் தீயில் கரி படியும்வரை சுழற்றினார். பிறகு கரியைத் துடைத்து, போலரிஸ்கோப்பில் வைத்தார். ஐயோ, அந்தக் காட்சி! இருண்ட பின்னணியில் ஒட்டைச் சுற்றி மட்டும் வெள்ளைக் கீற்றுகள் பளீரென்று எரிகின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாத இழுபறியை வெளிச்சமாகவே பார்த்துவிட்டேன்!

அதைத் தீர்க்கத்தான் அனீலிங் உலை. சுமார் 560 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, இழுபறி தளர்ந்ததும் அவசரமே இல்லாமல் ஆறவிட வேண்டும். கண்டென்சருக்கு ஓர் இரவு போதும். பலோமர் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் அமெரிக்காவின் கார்னிங் ஊரில் வார்த்த 200 அங்குல பைரெக்ஸ் கண்ணாடி வட்டை ஆறவைக்க எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? சுமார் பத்து மாதம்! தாய் வயிற்றுக் கணக்கு!

மறுநாள் காலை உலையைத் திறக்கும் முன்பே போய் நின்றேன். அதே ஒட்டு, அதே போலரிஸ்கோப். ஒரு கீற்றுகூட இல்லை, கும்மிருட்டு. கண்டென்சர் தேறிவிட்டது.