உங்களுக்குத் தெரியுமா? பினாங்கில் ஒரு யூதர் சாலை!

தாசேக் கெலுகோரில் கொமுட்டர் ரயிலேறி, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்தால் ஜார்ஜ்டவுன். அங்குள்ள ஜாலான் சைனல் அபிடினின் பழைய பெயர் ஜாலான் யஹூடி. பெயர் மாறிவிட்டது, யூதர் கல்லறைத் தோட்டம் மட்டும் அங்கேயே இருக்கிறது.

1805இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இதில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள். மிகப் பழையது ஷோஷன் லேவி என்ற பெண்மணியுடையது, 1835. கோஹன் குடும்பத்தாருக்குத் தனி இடம்: அவர்கள் ஆரோன் வழிவந்த குருமார் மரபினர்.

பாக்தாத் பக்கமிருந்து வணிகத்துக்கு வந்த பினாங்கு யூதர்களின் தொழுகைக்கூடம் 1929இல் திறக்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம் நாகூரின் பெயர் கொண்ட நாகூர் ரோட்டில்! பினாங்கில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

யூத சமய மரபுப்படி கூட்டு வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும். ஒன்பது பேர் வந்தாலும் முக்கியமான சில வேண்டுதல்களைச் சொல்ல முடியாது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளிநாடு போய்விட, அந்தப் பத்துப் பேர் சேரவில்லை. 1976இல் தொழுகைக்கூடம் மூடப்பட்டது.

தோட்டத்துக்குப் போனால் பூ வேண்டாம். கல்லறைமேல் சிறு கல் வைப்பதே அவர்கள் வழக்கம்.