உங்களுக்குத் தெரியுமா? துறைமுகத்து வரியும் தொழிலாளி கூலியும்

சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். அந்த ஆபீஸ்கள் தழைத்ததற்கு ஓர் இறக்குமதி வரியும் காரணம் என்பது உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானிலிருந்தும் ஸ்வீடனிலிருந்தும் கப்பலில் வந்த தீக்குச்சிதான் அதுவரை நம் வீட்டு அடுப்புகளை மூட்டியது. 1922இல் ஆங்கிலேய அரசு, 144 பெட்டி கொண்ட ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் என்று வரியை ஏற்றியது. அரசு தேடியது வருமானத்தை. ஆனால் வெளிநாட்டுப் பெட்டி விலையேறியதும் உள்ளூர்ப் பெட்டிக்கு வழி பிறந்தது. அதே 1922இல்தான் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழையை நம்பியிருந்த கரிசல் பூமியில் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் கூலி கிடைத்தது. அந்தக் கூலியில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளின் உழைப்பும் கலந்திருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

நூறு ஆண்டு கழித்து அதே ஆபீஸ்களுக்கு இன்னொரு சோதனை: பத்து ரூபாய்க்கே கிடைத்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் லைட்டர். ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிகளின் விற்பனையைப் பறிக்கிறது என்று 2022இல் தமிழக முதல்வர் மத்திய அரசுக்கு எழுதினார். 2023 ஜூன் இறுதியில், 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை வந்தது.

இறக்குமதியால் பிழைப்பு போகிறது என்ற குரல் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் நம் துணிக்கு எதிராகவே எழுந்தது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன பூப்போட்ட பருத்தித் துணிக்கு லண்டனில் அத்தனை மோகம். 1719இல் லண்டன் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கி, அந்தத் துணி உடுத்திய பெண்கள் மேல் மை வீசினார்கள். 1721இல் நாடாளுமன்றம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவே தடை போட்டது.

வங்கதேசத்தில் இன்று சுமார் 40 லட்சம் பேர் ஆயத்த ஆடைத் தொழிலில் இருக்கிறார்கள், பெரும்பாலோர் பெண்கள். இத்தனை வேலைக்கு வித்திட்டது, வேறொரு நாட்டுக்குப் போட்ட கட்டுப்பாடு! எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1974 முதல் கோட்டா வைத்திருந்தன. தென்கொரியாவுக்குக் கோட்டா இறுகியதும், கோட்டாத் தொல்லை இல்லாத நாட்டைத் தேடிய கொரிய நிறுவனமான தேவூ, டாக்காவின் தேஷ் கார்மென்ட்ஸுடன் கைகோத்தது. 1979இல் வங்கதேசத்திலிருந்து 130 பேர் கொரியாவின் பூசான் நகருக்குப் போய் ஆறு மாதம் பயிற்சி பெற்றார்கள். சில ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் தேஷை விட்டு விலகினார்கள். சிலர் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள், மற்றவர்கள் புதிய கம்பெனிகளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் தொழில் அந்த 130 பேரின் கைவழியே பரவியது. என்னைக் கேட்டால், வணிக ஒப்பந்தங்களைப் பற்றிய எந்தத் தடித்த புத்தகத்தையும்விட இந்தக் கதை அதிகம் கற்றுத் தருகிறது.

2005 ஜனவரி 1 அன்று அந்தக் கோட்டா முறை முற்றாக முடிவுக்கு வந்தது.

அதற்கு முன்பே, 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்திருந்தது. இந்த முறை இறக்குமதியின் அடி அமெரிக்கத் தொழிலாளர்கள் மேல் விழுந்தது. 2000இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சுமார் 1 கோடியே 73 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2010இல் சுமார் 1 கோடியே 15 லட்சம் பேர். இயந்திரமயமும் 2008 பொருளாதார மந்தநிலையும் இதில் பங்கு கொண்டவை. சீன இறக்குமதியால் மட்டும், 1999க்கும் 2011க்கும் இடையே, எல்லாத் துறையும் சேர்த்து 20 முதல் 24 லட்சம் வேலை போயிருக்கும் என்று டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். மலிவு விலையின் லாபம் நாடு முழுக்க ஆளுக்குக் கொஞ்சமாகப் பரவியது. நஷ்டமோ வட கரோலினாவின் மரச்சாமான் ஊர்கள் போன்ற சில இடங்களின் தலையில் மொத்தமாக விழுந்தது. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் பெயர்ந்து பிழைத்துக்கொள்வார்கள் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. பெரும்பாலோர் பெயரவில்லை. வீடும் உறவும் இருக்கும் ஊரை விட்டுவிட்டு யார்தான் சட்டென்று கிளம்புவார்கள்?

அப்படியானால் வரி போட்டால் சரியாகிவிடுமா? 2018இல் அமெரிக்கா வாஷிங் மெஷின் இறக்குமதிக்கு வரி போட்டது. உள்நாட்டில் சுமார் 1,800 பேருக்கு வேலை கிடைத்தது. ஆனால் மெஷின் விலை ஏறி, ஒவ்வொரு வேலைக்கும் வாங்குவோர் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்று ஓர் ஆய்வு கண்டது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரத்தின் விலையும் கூடவே ஏறியது. இரண்டையும் ஜோடியாகத்தானே விற்கிறார்கள்!

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா போட்ட கூடுதல் வரி 50 சதவீதமானது. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அது 20 சதவீதம். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. இப்படி வரி ஏறி, ஆடை வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆர்டரை நிறுத்தி வைத்தால் பனியன் கம்பெனியில் முதலில் ஓவர்டைம் போகும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். பிறகு வாரத்தில் சில நாள் வேலை இருக்காது. பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரும் அவருக்குத் துணையாக நிற்கும் கைமடியும் எந்த வேலை நீக்கக் கணக்கிலும் வரமாட்டார்கள். அவர்கள் வீட்டு வரவு மட்டும் பாதியாகியிருக்கும்.

இப்படி வேலை இழந்தவர் காப்பீடு பெற்ற தொழிலாளி என்றால், அவருக்குச் சராசரி தினக்கூலியில் பாதியை 90 நாள் வரை தரும் ஒரு திட்டம் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் 2018 முதல் இருந்துவருகிறது. தொடக்கத்தில் கால்பங்காக இருந்ததை 2020இல் பாதியாக உயர்த்தினார்கள். காலக்கெடு வைத்து நீட்டிக்கப்பட்டுவருவது என்பதால், இப்போதைய நிலையை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. எண் இல்லாதவருக்கு அது கிடைக்காது. உங்கள் வீட்டில் யாராவது மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலை பார்த்தால், அவருக்கு அந்த எண் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.