வாய்மொழி எச்சரிக்கை: திருத்தமா, தண்டனையா?

அலுவலகத்தில் ஊழியரின் சிறு தவறு கண்டதும் மேலதிகாரி முதலில் கையாளும் வழி வாய்மொழி எச்சரிக்கையாகும். எளிதாகத் தோன்றும் இவ்வழிக்கும் எல்லை உண்டு. அதனை மேலதிகாரிகளும் ஊழியர்களும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965-ஆம் ஆண்டின் வகைப்பாடு, கட்டுப்பாடு, மேல்முறையீட்டு விதிகளில் 11-ஆவது விதி தண்டனைகளை வரிசைப்படுத்துகிறது. கண்டனம், பதவி உயர்வை நிறுத்துதல், ஊதிய உயர்வை நிறுத்துதல் ஆகியன சிறு தண்டனைகளுள் அடங்கும். எச்சரிக்கை இப்பட்டியலில் இல்லை. கண்டனம் விதிப்பதற்குக்கூட 16-ஆவது விதியின்படி எழுத்து மூலம் குற்றச்சாட்டைத் தெரிவித்து விளக்கம் கேட்க வேண்டும். வாய்மொழி எச்சரிக்கைக்கு அந்நடைமுறை தேவையில்லை. அதன் நோக்கம் திருத்துவது மட்டுமே.

இந்த எளிமையிலேயே ஆபத்தும் உள்ளது. தாமதமாக வரும் ஊழியர் ஒருவரை மேலதிகாரி மும்முறை வாயால் எச்சரித்ததாகக் கொள்வோம். பின்னர், ‘பலமுறை எச்சரித்தும் திருந்தவில்லை’ என்று கோப்பில் எழுதினால், நாளும் பதிவும் இல்லாத அக்கூற்றை ஊழியர் எவ்வாறு மறுப்பார்? கடந்தகால நடத்தையைத் தண்டனைக்கு ஆதாரமாகக் கொள்வதாயின், அதனை ஊழியருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும் என்று மைசூர் அரசு – மஞ்சே கவுடா வழக்கில் 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டறிக்கையின் ஒவ்வொரு பதிவும் உரியவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது தேவ் தத் வழக்கில் 2008-இல் அளிக்கப்பட்ட தீர்ப்பு.

இதற்கு நேர்மாறான தவறும் நிகழ்வதுண்டு. முறையான விசாரணையில் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின், இரக்கத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவது விதிகளுக்குப் பொருந்தாது. மெய்ப்பிக்கப்பட்டால் பட்டியலிலுள்ள தண்டனை. இல்லையேல் விடுவிப்பு என்பதே முறை.

எனவே, எச்சரிக்கை பயன்தர வேண்டுமாயின் அது பிறர் முன்னிலையிலன்றித் தனியே கூறப்பட வேண்டும். ஊழியரின் இயல்பைப் பழிக்காமல், எந்த நாளில் எந்தச் செயல் தவறியது என்று சுட்ட வேண்டும். காரணத்தைக் கேட்டறிதல் அதனினும் முக்கியம். குறை பணிப் பங்கீட்டிலேயே இருக்கக்கூடும். எதிர்பார்க்கும் மாற்றத்தையும் அதற்கான கால அளவையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறு தொடர்ந்தால் எழுத்து மூலமான எச்சரிக்கையும், அதன்பின் விதிப்படியான நடவடிக்கையும் உள்ளன.

சொல்லப்படாத குறை திருத்தப்படுவதில்லை. சொல்லும் முறை தவறினால் ஊழியரின் ஒத்துழைப்பும் கிட்டுவதில்லை.