செல்ஃப் முக்குதா? பேட்டரியைத் திட்டாதீங்க!

‘‘எங்ககிட்ட இருக்கிறது 22 வருஷத்துப் பழைய டிராக்டர். ரெண்டு வருஷத்துல ரெண்டு பேட்டரி மாத்திட்டேன். இருந்தும் காலையில செல்ஃப் முக்கி முக்கி நின்னுடுது. ஆள் கூப்பிட்டுத் தள்ள வேண்டியிருக்கு. அவசரத்துக்கு என் மகன் கீழே நின்னு ஸ்பேனரை வச்சு சுண்டி விடுவான். அப்பவும் சோம்பலாத்தான் சுத்துது. டெர்மினல், கேபிளை மாத்தச் சொல்றாங்க. கடையில பத்து வகை காட்டுறாங்க. எது நீடிச்சு உழைக்கும்?’’

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையிலிருந்து வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார். நான்கு வரி பதிலில் அடங்கும் விஷயமில்லை என்பதால், முப்பது வருடமாக டிராக்டர் வயரிங் பார்க்கும் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு, பௌர்ணமி கூட்டம் வடிந்த மறுநாள் கிரிவலப் பாதை வழியாக அங்கே போனோம்.

‘‘போன வருஷம் ஒரு நல்ல மழை பெஞ்சு, மல்லாட்டை விதைக்க ஈரம் கூடி வந்துச்சு. அன்னிக்குப் பார்த்து வண்டி எடுக்கல. வாடகை டிராக்டர் வர்றதுக்கு ரெண்டு நாளாச்சு. மேட்டு நிலம் பாருங்க, அதுக்குள்ள ஈரம் காஞ்சுபோச்சு. அதான் கடன் வாங்கி புது பேட்டரி போட்டேன்’’ என்றார் அந்த விவசாயி.

எலக்ட்ரீஷியன் முதலில் பேட்டரியைத் தொடவே இல்லை. பையனைக் கூப்பிட்டு, ‘‘தம்பி, இனிமே அந்த ஸ்பேனர் வேலை வேணாம்பா’’ என்றார். அவர் சொன்னது எல்லோருக்கும்தான். செல்ஃப் மோட்டாரைச் சுண்டி விடும்போது நாம் நிற்பது பின்சக்கரத்துக்கு முன்னால். சீட்டில் ஆள் இல்லை. கியர் விழுந்திருந்தால் இன்ஜின் பிடித்த அதே நொடியில் வண்டி நம் மேல் ஏறிவிடும். ஒதுங்க நேரமே இருக்காது. பல நாடுகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கேபிளைச் சரிசெய்யாமல் காலம் தள்ளுகிறவர்கள்தான் இந்தப் பழக்கத்துக்குப் போகிறார்கள்.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். வண்டி நியூட்ரலில். இன்ஜின் பிடிக்காதபடி ஸ்டாப் கம்பியை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது பேட்டரி கட்டையில் 11 வோல்ட். ஆனால், செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 8.1 வோல்ட்தான். நடுவில் 2.9 வோல்ட் காணோம்! ‘‘பேட்டரி நல்லாத்தான் இருக்குண்ணே. வாய்க்கால் உடைஞ்சிருந்தா கிணத்துல தண்ணி இருந்து என்ன பண்றது?’’ என்றார்.

செல்ஃப் மோட்டார் ஒரே மூச்சில் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹெட்லைட்டுக்கு நாலைந்து ஆம்பியர் போதும். அதனால்தான் லைட் பளிச்சென்று எரிகிற வண்டியிலும் செல்ஃப் எடுக்காமல் போகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பிளஸ் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல, கட்டையிலேயே), மறுமுனையை செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டிலும் வைத்து, செல்ஃபை ஓடவிட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் கோளாறு. அடுத்து மைனஸ் கட்டைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே அதே சோதனை. இந்த வண்டியில் பிளஸ் பக்கம் 1.1, எர்த் பக்கம் 1.8 வோல்ட் காட்டியது. எர்த் பக்கத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. போல்ட்டைக் கழற்றினால், எப்போதோ அடித்த பெயின்ட் மேலேயே லக்கை வைத்து முடுக்கியிருந்தார்கள். உள்ளே துரு.

மீட்டர் இல்லையா? ஐந்தாறு வினாடி செல்ஃப் அடித்துவிட்டு, சாவியை நிறுத்திய பிறகு ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, அதுதான் திருடன்.

டெர்மினல் மேல் நீலப்பச்சையாகப் பூத்திருந்ததைக் காட்டி, ‘‘இது என்னங்க?’’ என்று கேட்டார் விவசாயி. அது அவருக்குத் தெரிந்த சரக்குதான். பேட்டரியிலிருந்து கசியும் கந்தக அமிலம் செம்பையும் பித்தளையையும் அரித்தால் உண்டாவது மயில்துத்தம். போர்டோ கலவைக்கு நாம் சுண்ணாம்போடு சேர்க்கிறோமே, அதேதான். காரீயத்தின் மேல் வெள்ளையாகப் பூப்பது காரீய உப்பு. இரண்டுமே விஷம். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதீர்கள்.

இப்போது டெர்மினலுக்கு வருவோம். கையில் எடுத்தால் கனமே இல்லாத தகட்டு டெர்மினலையும், மினுமினுப்பு பூசிய மலிவான வார்ப்பு டெர்மினலையும் தொடவே வேண்டாம். ஒரு சீசனில் போல்ட் காது உடையும். நல்ல வகை இரண்டு உண்டு. கனமான காரீய டெர்மினல் அமிலத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் மெத்து. ஓங்கி முடுக்கினால் வாய் விரிந்துவிடும். இரண்டாவது, ஈயம் பூசிய கனத்த பித்தளை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது களிம்பு ஏறாமலிருக்கத்தானே, இங்கேயும் அதே கணக்கு. உழவுக்கும் டிப்பருக்கும் அதிர்ந்து அதிர்ந்து ஓடும் பழைய வண்டிக்கு பித்தளையே என் தேர்வு.

பிளஸ் கட்டை தடிமன், மைனஸ் கட்டை சற்று ஒல்லி. வழக்கமான பெரிய பேட்டரிகளில் மேல்முனை விட்டம் பிளஸுக்கு 17.5 மில்லிமீட்டர், மைனஸுக்கு 15.9. ஆகவே டெர்மினலும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். லூஸாக இருக்கிறது என்று ஆணியைச் சொருகுவது, பெரிய வாயுள்ளதைச் சுத்தியலால் தட்டி இறக்குவது இரண்டும் கூடாது. தட்டினால் கட்டையின் அடிப்பக்கம் விரிசல் விட்டு, அமிலம் அங்கிருந்தே ஊறி வரும்.

இரண்டு போல்ட் வைத்து வெறும் கம்பியை அமுக்கிப் பிடிக்கிற டெர்மினல் இருக்கிறதே, அது வழியில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க மட்டும். நிரந்தரத்துக்கு கேபிள் முனையில் செம்பு லக் போட்டு, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அமுக்கி வாங்குங்கள். உளி வைத்து நசுக்குவது உதவாது. அந்த இடத்தின் மேல், சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ஸ்லீவ் போட்டால் அமிலம் கம்பிக்குள் ஏறாது. முழுக்க ஈயப்பற்று வைத்து ஒட்டினால் கம்பி அந்த இடத்தில் விறைத்து, அதிர்வில் முறியும்.

கேபிளில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இவர் வண்டியில் கட்டைவிரல் பருமனில் ஒரு கேபிள் இருந்தது. முனையில் தோலைச் சீவி, ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! ‘‘செம்புன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க’’ என்று நொந்துகொண்டார். செம்பு கடத்துவதில் அறுபது சதவிகித அளவுதான் அலுமினியம் கடத்தும். போதாததற்கு, தோல் தடிமன், உள்ளே கம்பி கொஞ்சம். வெளிப்பருமனைப் பார்க்காமல், எத்தனை ஸ்கொயர் என்று கேளுங்கள். கடையிலேயே சுரண்டிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

35 முதல் 50 குதிரைத்திறன் வண்டிக்கு, ஒன்றரை மீட்டருக்குள் தூரம் என்றால் 50 ஸ்கொயர் செம்பு கேபிள் சரி. ஒன்றரை மீட்டர் கேபிளில் 250 ஆம்பியர் ஓடும்போது, 50 ஸ்கொயரில் சுமார் 0.13 வோல்ட்தான் போகும். 16 ஸ்கொயரில் 0.4 வோல்ட் போய்விடும். தூரம் கூடினால் 70 ஸ்கொயர். எர்த் கேபிளும் அதே பருமன் இருக்க வேண்டும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள கேபிள்தான் அதிர்வைத் தாங்கும். செம்பு வெல்டிங் கேபிளும் நன்றாகவே உழைக்கும். வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் வருகிறது, அங்கேயும் கத்தி வேண்டும்.

மாட்டும்போது ஒழுங்கு முக்கியம். கழற்றுவதில் மைனஸ் முதலில். மாட்டுவதில் மைனஸ் கடைசியில். மாறிச் செய்து, பிளஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறிதான். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி வேண்டாம். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றி, பிரஷ்ஷால் தேயுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் இறங்கக் கூடாது. உப்புத்தாளால் கட்டையும் டெர்மினல் வாயும் மினுங்கத் தேய்த்து, முடுக்கிய பிறகு மேலே வாஸ்லின் பூசுங்கள். எர்த் போல்ட்டை பளபளவென்று தேய்த்த இரும்பிலோ, நேராக செல்ஃப் மோட்டார் போல்ட்டிலோ கொடுங்கள்.

கேபிள் சைலன்சர் பக்கம் போகக் கூடாது. தகட்டு விளிம்பில் உரசும் இடத்தில் ரப்பர் போடுங்கள். பேட்டரியின் பிடிப்புச் சட்டம் பெரும்பாலான பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். ஆடுகிற பேட்டரியில் எந்த டெர்மினலும் நிற்காது.

அன்று அடி அண்ணாமலையில் இரண்டு மணி நேர வேலை. புது கேபிள், டெர்மினல் ஜோடி எல்லாம் சேர்த்தும் புது பேட்டரி விலையில் சிறு பங்குதான். முடிந்ததும் செல்ஃப் ஓடும்போது பேட்டரியில் 10.6, மோட்டாரில் 10.2 வோல்ட். அரை நொடியில் இன்ஜின் பிடித்தது.

‘‘பழைய பேட்டரி ஒண்ணு கொட்டகையில கிடக்கு. அதையும் ஒரு தடவை பார்த்துடுங்கண்ணே’’ என்றார் விவசாயி. சார்ஜ் போட்டுப் பார்த்தபோது, அதுவும் நன்றாகவே இருந்தது.