சென்னைக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று வினவினால், எம்மவர் பலர் நெடுங்காலமாகக் கிலோமீற்றரில் பதில் சொன்னதில்லை. "கொழும்புக்குப் போய்த்தான் போகவேண்டும்" என்பதே அவர்களது பதிலாக இருந்து வந்தது.

பலாலிக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையிலான நேர்கோட்டுத் தூரம் சுமார் 355 கி.மீ. ஆகும். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கோ சுமார் 645 கி.மீ. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கான வீதித் தூரம் ஏறத்தாழ 400 கி.மீ. எனவே, வடக்கே செல்லவேண்டிய ஒருவர் முதலில் தெற்கே சென்று, பின்னர் வந்த திசையிலேயே பறந்து, ஏறத்தாழ மூன்று மடங்கு தூரத்தைக் கடக்க நேர்ந்தது.

தூரம் பாதியானால் பறக்கும் நேரமும் பாதியாக வேண்டுமல்லவா எனச் சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு அமைவதில்லை. பலாலி – சென்னை சேவைக்கும் கால அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் ஒதுக்கப்படுகிறது. கட்டுநாயக்க – சென்னை சேவைக்கான நேரம் அதனைவிடச் சற்றே அதிகம். ஓடுபாதைக்குச் செல்லல், மேலெழல், தரையிறங்கல் ஆகியவற்றுக்கான நேரம் குறுகிய பயணத்திலும் பெரிதாகக் குறைவதில்லை. அத்துடன், பலாலிச் சேவையில் ஈடுபடும் சுமார் எழுபது ஆசனங்களைக் கொண்ட சுழல்விசிறி விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்திலேயே பறக்கும். ஜெட் விமானத்தின் வேகமோ 800 கி.மீ. அளவிலானது. ஆகவே மிச்சமாவது வானில் செலவாகும் நேரமன்று; தரையில் கழியும் ஓர் இரவுப் பிரயாணமே.

இது புதிய வழியுமன்று. 1947 டிசம்பரில் எயார் சிலோன் தனது முதற் சேவையை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் ஊடாகவே சென்னைக்கு நடத்தியது. யுத்தம் அவ்வழியை அடைத்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமானது. 2020 மார்ச்சில் கொரோனாவால் அது நின்றது. 2021 ஜனவரியில் கட்டுநாயக்க மீளத் திறக்கப்பட்டபோதிலும், பலாலிச் சேவை 2022 டிசம்பரிலேயே மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை ஆரம்பிக்கப்பட்டது. அத்தூரம் வெறும் 185 கி.மீ. அளவே.

சிகிச்சைக்காகச் செல்லும் நோயாளர், தமிழக முகாம்களிலுள்ள உறவினரைக் காணச் செல்லும் முதியோர், நாகூர் தர்காவுக்குச் செல்லும் யாத்திரிகர், 1990 இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் வடக்கில் மீளக்குடியேறிய முஸ்லிம் குடும்பத்தினர் ஆகிய அனைவருக்கும் இவ்வழி ஆடம்பரமன்று, அவசியமாகும். நோயாளி ஒருவருக்கு இரவு முழுவதும் பஸ்ஸில் அமர்ந்திருப்பது எத்தகைய வேதனை என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆதலால் இச்சேவை இடைநிற்காது தொடர்வதை இரு நாட்டு அரசாங்கங்களும் உறுதிசெய்தல் வேண்டும்.

பெரிய விமானங்கள் வருவதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். அதற்கு நிலமும் வேண்டும். ஆனால் பலாலியைச் சூழவுள்ள காணிகள் வெற்று நிலங்களல்ல. யுத்த காலத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, தமது காணிகள் விடுவிக்கப்படுவதற்காகப் பல தசாப்தங்கள் காத்திருந்த மக்களின் வாழ்விடங்கள் அவை. அவர்களுடன் பேசி, உரிய இழப்பீட்டை உறுதிசெய்த பின்னரே எந்த விஸ்தரிப்பும் இடம்பெற வேண்டும். சென்னையை அருகில் கொண்டுவரும் திட்டம், சொந்த வீட்டை ஒருவருக்கு மேலும் தூரமாக்கிவிடக் கூடாது என்பதே எமது நிலைப்பாடாகும்.